தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறீர்களா?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூரை ஒழுகவில்லை, மாப்பிள்ளைக்குக் கால் புண் ஆறிவிட்டது, பெரியவன் விறகு பிளக்கிறான். அவனைப் பற்றி மட்டுமே அரைப் பக்கம். அதற்கு மேல் தாளில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை நம்பாதே அம்மா. மேலே எங்கோ ஒரு விலங்கு செத்துக் கிடந்தாலும் கீழே தெளிவாகத்தான் தெரியும். கலங்கல் இருந்தால் தெளியவிட்டு, பழைய பருத்தித் துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டு. ஆனால் துணியில் கசடுதான் நிற்கும், கிருமி சாகாது. அதற்குக் கொதிக்கத்தான் வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் முழுதாக 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலே இருந்தால் 3 நிமிடம், உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எரிப்பது விறகுக்குத்தான் கேடு. மூடி வை, சாய்த்து ஊற்று, டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாதே. கொதித்த தண்ணீரும் விரல் பட்டால் கெட்டுவிடும்.

கக்கூஸ் குழி ஓடைக்கு 30 மீட்டராவது தள்ளி, தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழ்ச்சரிவில் இருக்கட்டும். கை கழுவச் சோப்பு தீர்ந்தால் சாம்பல்.

ஆள் நடமாட்டமில்லாத மலைக்காட்டில் குடும்பத்தைக் காக்கிறாய். எனக்குப் பெருமைதான். ஆனால் கஷ்டத்தைச் சொல்லாமல் விழுங்குவதும் உன் பழைய பிடிவாதம். ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு பெரிய ஆபத்து.

யாருக்காவது போனால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கண் மதிப்பில் போடாதே. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். நாக்கில் வைத்துப் பார், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே, சாப்பாட்டையும் நிறுத்தாதே. கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார். உடனே படியாமல் மெதுவாக இறங்கினால், கண் குழிவிழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டால், மழை இருட்டு பார்க்காமல் கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடு. குடிக்க முடிகிற வரைக்கும் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வா. மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரி.

சொன்னதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. கொதிக்க வை.

அடுத்த கடிதத்தில் கூரையைப் பற்றி எழுத வேண்டாம். பெரியவனும் சின்னவளும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார்கள், என்ன நிறத்தில் போகிறார்கள் என்று மட்டும் எழுது. இருவருக்கும் தனித்தனியாக எழுது.

அப்பா