பழைய வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீடு, மனை விளம்பரங்களில் 'பழைய வீட்டைப் புதுப்பித்துத் தருகிறோம், சதுர அடி இத்தனை ரூபாய்' என்னும் அறிவிப்புகள் பெருகிவிட்டன. காலி மனையில் எழுப்பும் வீட்டுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கு, ஏற்கெனவே நிற்கும் வீட்டுக்கு அறவே பொருந்தாது என்பதை, அரசுக் கட்டடங்களின் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1970, 80-களில் கட்டப்பட்ட நம் ஊர் வீடுகள் பலவற்றில் கான்கிரீட் தூண்கள் கிடையாது; ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்கும்போது, மேஸ்திரி தரும் தாளில் 'சுவர் இடிப்பு' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். தளத்துக்கு முட்டுக் கொடுப்பது, இரும்பு உத்தரம் ஏற்றுவது, அதன் இரு முனைகளும் உட்காரும் இடத்தைப் பலப்படுத்துவது, பெயர்ந்த தரையையும் பூச்சையும் சரிசெய்வது, இடிபாட்டை அள்ளிச் செல்லும் வண்டிக் கூலி ஆகிய எதுவும் அந்த வரியில் அடங்காது. குளியலறைக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சில இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். அங்கே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைக் கொத்திப் பார்க்காமல் போடும் மதிப்பீடு வெறும் ஊகமே.

ஆகவே, முதலில் கட்டடக் கலைஞரையும் (ஆர்க்கிடெக்ட்), தேவைப்பட்டால் கட்டடத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும் கட்டமைப்புப் பொறியாளரையும் அழைத்துச் சில இடங்களில் பூச்சை உரித்துப் பார்த்த பின்னரே தொகை பேச வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை மட்டுமே, வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருப்பதால், பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பாகிறது.

கையில் 40 லட்சம் வைத்திருப்பவர் கட்டடக் கலைஞரிடம் 25 லட்சம் என்றுதான் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் முழுவதையும் கரைத்துவிடுவார் என்ற அச்சம். பிறகு ஆசைகள் ஒவ்வொன்றாக வெளிவர, வரைபடம் மாறிக்கொண்டே போகிறது. 40 என்றே சொல்லலாம். கூடவே, அதில் வேலைக்கு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதமாக 6 லட்சம், கட்டடக் கலைஞரின் கட்டணம் வேலைச் செலவில் 8 சதவீதம் என்று பேசினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் லட்சத்துக்கு அருகில், பொறியாளர் கட்டணம், அனுமதி, வேறு வீட்டு வாடகை எல்லாம் போக, வேலைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 29 லட்சம்தான்.

செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசினால், செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எல்லாக் கட்டடக் கலைஞர்களையும் நான் சந்தேகிக்கவில்லை; எனினும் இறுதிச் செலவின் மீதன்றி, முதலில் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டின் மீது கட்டணத்தை நிலைநிறுத்துவதே இருவருக்கும் நல்லது. அனுமதி வரைபடம் கைக்கு வந்ததும் கட்டடக் கலைஞரைக் கழற்றிவிட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களும் உண்டு. அந்த வரைபடத்தில் மின் இணைப்புப் புள்ளியோ, குழாயின் பாதையோ, சமையல் மேடையின் உயரமோ இருக்காது. அவற்றைக் காட்டும் வேலை வரைபடமும் அளவுகளுடன் கூடிய இனவாரி மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தக்காரர்களின் விலைகளை ஒப்பிடவே முடியாது. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் விட்டிருப்பார்.

ஒப்பந்தத்தில் 'கூடுதல் வேலை' பற்றி ஒரு பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும். பூச்சு, ஓடு, கம்பி வேலை ஆகியவற்றுக்கு அலகு விலையை முன்கூட்டியே குறித்துவிட்டு, வீட்டுக்காரரும் கட்டடக் கலைஞரும் எழுத்தில் ஒப்புதல் தராத எந்தக் கூடுதல் வேலைக்கும் பணம் இல்லை என்று அதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.