மாதச் சந்தாக் கம்ப்யூட்டர் நம் பள்ளிக்கு வேண்டாம், அண்ணாச்சி

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பதில் 20 தின் கிளையண்ட் வாங்கப் போவதாக வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு விற்கச் சரக்கு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தின் கிளையண்ட் என்றால் தானாக வேலை செய்யாமல், வேறிடத்துக் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலையைத் திரையில் காட்டுகிற சின்ன டப்பா. மோசமான சாமான் இல்லை. பழைய வகையில் சர்வர் பக்கத்து அறையிலேயே இருக்கும். நெட் போனாலும் வேலை ஓடும். உங்களுக்கு வந்திருக்கும் கொட்டேஷன் அது இல்லை. டப்பா மேஜையில் இருக்கும், கம்ப்யூட்டர் எங்கோ ஒரு டேட்டா சென்டரில். மைக்ரோசாப்டின் விண்டோஸ் 365 லிங்க் இந்த ரகம்தான். வெளியானபோது டப்பா மட்டும் 349 டாலர், நம் காசில் 30 ஆயிரத்துக்கு மேல். அதில் ஒரு புரோகிராம் போட முடியாது, ஒரு ஃபைல் வைக்க முடியாது. டேட்டா சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, அதாவது கிளவுடுக்கு, மாதச் சந்தா தனி. 2025ல் ஜியோ கொண்டுவந்த இதே மாதிரி கிளவுட் கம்ப்யூட்டரான ஜியோபிசி வீடுகளுக்கானது. அதற்கே வந்தபோது ஆரம்ப மாதச் சந்தா 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்த ரேட்டிலேயே 20 கணினிக்குப் போட்டுப் பாருங்கள், ஜிஎஸ்டியும் சேர்த்து வருஷத்துக்கு 1,70,000 பக்கம் வரும்.

நமக்குப் பணம் வருகிற விதமே வேறு. ஆண்டுக்கூட்டத்தில் துபாய் அண்ணாச்சியும் பம்பாய் அண்ணாச்சியும் ஒரே மூச்சில் கொடுப்பார்கள், கல்வெட்டில் பெயர் ஏறும். மூன்றாம் வருஷச் சந்தாவுக்கு யார் பெயரைக் கல்வெட்டில் போடுவீர்கள்? கட்டாத மாதம் அந்த டப்பாவால் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அப்புறம் நெட். சாதாரண ஆபீஸ் வேலைக்கே இப்படி ஒரு திரைக்கு 1.5 முதல் 3 எம்பிபிஎஸ் வரை நெட் வேகம் வேண்டும் என்கிறது மைக்ரோசாப்டின் கணக்கு. 20 பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் 60 வரை போகும், அதுவும் பீரியட் முழுக்க விட்டுப் போகாமல். நம் ஊரில் ரோடு தோண்டுகிற ஜேசிபி ஃபைபரை அறுத்தால் ஒட்ட வருகிறவர் அன்றைக்கே வந்தால் அதிர்ஷ்டம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, பல ஊர்களில் போனே வேலை செய்யவில்லை. இதில் கிளவுடுக்குச் சாதகமான நியாயமும் உண்டு: தரைத்தளத்து கம்ப்யூட்டர்கள் தண்ணீரில் போன இடங்களில், ஆன்லைனில் ஏற்றி வைத்திருந்த ஃபைல்தான் மிஞ்சியது. சரி, ஆபீஸ் ரெக்கார்டுக்கு கிளவுடில் பேக்கப் வைப்போம். அதற்காக லேபையே அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம். பேங்க் கிளைக்கு, தகவல் வெளியே போகக்கூடாத கம்பெனிக்கு, சந்தா கட்ட வருமானமும் பார்க்க ஐடி ஆளும் உள்ள இடத்துக்கு இந்தச் செலவு தகும்.

நம் பிள்ளைகள் படிக்கிற புரோகிராம் மொழிகள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைதான். இரண்டும் பத்து வருஷத்து மெஷினில்கூட ஓடும். ஆன் ஆகாத சிபியூவைத் திறந்து, ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினதும் 'பீப்' என்று உயிர் வரும். அதைப் பார்த்த பையன் அப்புறம் கம்ப்யூட்டருக்குப் பயப்பட மாட்டான். அந்தக் கிளவுட் டப்பாவில் கழற்றிக் காட்ட என்ன இருக்கிறது?

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிந்ததால்தான் இந்தப் பேச்சே வந்தது என்று தெரியும். இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசருக்கு முந்திய பெரும்பாலான மெஷின்களில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அவற்றில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றினால் போதும். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே இருக்கிறது, லைசென்ஸ் காசும் இல்லை. தேறாதவற்றுக்குப் பதில் சரிசெய்து விற்கிற எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் வாங்கலாம். மிச்சத்தில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். கரண்ட் போனால் பிள்ளைகள் அடித்த புரோகிராம் போய்விடக் கூடாது.

கமிட்டி கூடுமுன் ஒரு சனிக்கிழமை லேப் சாவியை வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு மெஷினையும் திறந்து பார்த்து, எது தேறும், எதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். அதுவரை கொட்டேஷன்காரருக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முன்னாள் மாணவன்