குளிர் அறையைச் சரிசெய்து தாருங்கள்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவக் கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் குளிர் அறை பழுதாகிக் கிடப்பது நீங்கள் அறிந்ததுதான். என் கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. போன வாரம் நடந்த வாய்மொழித் தேர்வுதான் இதை ஊரறிய எழுத வைத்தது.

திரையில் காட்டிய நுண்ணோக்கிப் படங்கள் அத்தனையையும் ஒரு மாணவி சரியாகச் சொன்னாள். பிறகு, அன்று காலை வந்த ஒரு மாட்டின் இதயத்தைக் கையில் கொடுத்தேன். உள்ளே இருந்த கருஞ்சிவப்புக் கட்டியைப் பார்த்து "திராம்பஸ்" என்றாள். அது செத்த பிறகு உறைந்த ரத்தம். பளபளவென்று, வழுவழுப்பாக, இழுத்தால் இதய அறையின் வடிவத்திலேயே கழன்று வரும். உயிரோடு இருக்கும்போது உண்டான திராம்பஸ் மங்கலாக, எளிதில் பொடியக்கூடியதாக, சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். பிய்த்தால் அந்த இடம் சொரசொரப்பாகும். இதை விரல்தான் சொல்ல வேண்டும். "மேடம், நான் இதுவரைக்கும் தொட்டதே இல்லை" என்றாள். விதிப்படி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என் ஆசிரியர் முதல் நாளே ஒரு நுரையீரலை நீட்டி அழுத்திப் பார்க்கச் சொன்னார். நல்ல பகுதி பஞ்சுபோல் அமுங்கியது. நிமோனியா கண்ட பகுதி ஈரல்போல் கெட்டியாக இருந்தது. அதில் ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டார், மூழ்கியது. இன்றைக்கும் என் விரலுக்கு அது நினைவிருக்கிறது.

இப்போது குளிரூட்டாத உடல்கள் வகுப்புக்கு வருவதற்குள், குடலின் உட்சவ்வு கரைந்து, குடலை ஒட்டிய ஈரல் பச்சையும் கருமையுமாகிவிடுகிறது. எது நோய், எது அழுகல் என்று நானே தடுமாறும் உடலை வைத்து எதைக் கற்பிக்க? குளிர் அறையைச் சரிசெய்யுங்கள்.

பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் படும் எதற்கும் பணம் கிடைக்கிறது. இந்தக் கூடத்துக்கு மட்டும் எப்போதும் "அடுத்த ஆண்டு". நாளை இந்தப் பிள்ளைகள் தனியாகப் போய் நிற்பார்கள். துவாரங்களில் கறுத்த ரத்தம் உறையாமல் வடியக் கிடக்கும் மாட்டை அறுக்கவே கூடாது; காதுச் சிரையில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்க வேண்டும். அறுத்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல்லாண்டு கிடக்கும். பாடத்தில் படித்திருப்பார்கள். உறைந்த ரத்தத்தையே தொட்டறியாத பிள்ளைக்கு, உறையாத ரத்தம் எப்படிக் கண்ணில் உறுத்தும்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். பணிவோடு கேட்கிறேன்: குளிர் அறையை இந்தப் பருவத்துக்குள் சரிசெய்து, வாரம் இரண்டு முற்பகல்களைக் கூடத்துக்கு ஒதுக்கித் தாருங்கள். அந்த மாணவி பட்டம் பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் அவள் கையில் ஒரு நுரையீரலையாவது நான் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் ஆசிரியை