சாரக்கட்டின் பூர்வீகத்தைக் கேட்டு வாங்குங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திசுப் பொறியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களுக்கும்,

வணக்கம். கொலாஜன், ஆல்ஜினேட், பட்டுப் புரதம் போன்ற இயற்கைப் பொருள்களால் ஆன சாரக்கட்டுகளில், அதாவது செல்கள் பற்றி வளர்வதற்கான தாங்கு சட்டங்களில், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை வளர்ப்பது என் வேலை. உங்கள் இதழ்களில் வருவதை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் அடுத்த சோதனையில் இறங்குகிறோம். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். சாரக்கட்டு எதிலிருந்து வந்தது, எப்படிச் செய்யப்பட்டது, செல்களை விதைத்தபோதும் அதற்குப் பிறகும் எந்த நிலையில் இருந்தது என்று சொல்லாத கட்டுரையை ஏற்காதீர்கள்.

“கொலாஜன் ஜெல்லில் வளர்த்தோம்” என்று ஒரே வரியில் செய்முறையை முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. எலி வாலின் தசைநாணிலிருந்து அமிலத்தில் கரைத்தெடுத்த கொலாஜனும், மாட்டுத் தோலிலிருந்து பெப்சின் நொதியால் பிரித்த கொலாஜனும் ஒன்றல்ல. பெப்சின், மூலக்கூறின் இரு முனைகளையும் நறுக்கிவிடுவதால் அந்த வகை உறைவதற்கு அதிக நேரம் எடுக்கும். வெப்பநிலையும் சும்மா இருப்பதில்லை. பனிக்கட்டியில் வைத்த கரைசலில் காரம் சேர்த்து நடுநிலையாக்கி, உடனே 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் மெல்லிய இழைகள் நெருக்கமாக அமைகின்றன. அறை வெப்பத்தில் நிதானமாக உறையவிட்டால் இழைகள் தடிக்கின்றன, இடைவெளிகள் பெரிதாகின்றன. ஒரே புட்டியிலிருந்து எடுத்த கொலாஜன்தான். ஆனால் செல்லுக்குக் கிடைக்கும் இடம் வேறு.

செல், கரைந்து வரும் வேதிப்பொருள்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. பற்றி நிற்கும் தளத்தை இழுத்துப் பார்த்து, அது எவ்வளவு இறுக்கம் என்றும் சோதிக்கிறது. 2006-ல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் சக ஆய்வாளர்களும், கொலாஜன் பூசிய செயற்கை ஜெல்களின் மீது மெசன்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடியவை) வளர்த்துக் காட்டியது இதைத்தான். விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொன்னால், 1 கிலோபாஸ்கலும் அதற்குக் கீழுமான மென்மையில் செல்கள் நரம்பு செல்லின் சாயலைக் காட்டின. 8 முதல் 17 வரை தசையின் சாயல். 25 முதல் 40 வரை எலும்பின் சாயல். மாற்றியது விறைப்பை மட்டும்தான்.

அவர்கள் பயன்படுத்தியது விறைப்பு அப்படியே நிற்கும் செயற்கை ஜெல். கொலாஜன் ஜெல்லில் அந்த நிம்மதிகூட இல்லை. உள்ளே இருக்கும் செல்களே அதை இழுத்துச் சுருக்கும் என்று 1979-லேயே யூஜின் பெல் குழு எழுதிவிட்டது. கிண்ணத்தின் சுவரோடு ஒட்டியிருந்த ஜெல் சில நாளில் விளிம்பு விட்டு, செல்களுக்கான ஊட்டத் திரவமாகிய ஊடகத்தில் சட்டைப் பொத்தான் போலச் சுருங்கி மிதப்பதை எங்கள் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியிருக்க, முதல் நாள் அளந்த விறைப்பை வைத்து, வாரக்கணக்கில் கழித்து நடந்த எலும்பாக்கத்தை எப்படி விளக்க முடியும்? கடைசி நாளிலும் அளந்தார்களா என்று கேளுங்கள்.

செல் வளர்க்கப் பயன்படும் மேட்ரிஜெல் என்ற ஜெல் இன்னும் சிக்கல். அது சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. லாமினின், நான்காம் வகை கொலாஜன் ஆகிய புரதங்களோடு, செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் அதில் கலந்தே வருகின்றன, ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் அளவு மாறுகிறது. ஸ்டெம் செல் திசை மாறியது சாரக்கட்டின் அமைப்பாலா, கூடவே வந்த காரணிகளாலா? தொகுதி எண்கூட இல்லாத கட்டுரையில் இதற்குப் பதில் தேட வழியே இல்லை. கடற்பாசி ஆல்ஜினேட்டில் கேள்வி வேறு. செல் அதைத் தானாகப் பற்றாது. பற்றுவதற்கு, செல் பிடித்துக்கொள்ளும் சிறு புரதத் துண்டான ஆர்ஜிடி பெப்டைடை இணைக்க வேண்டும். எவ்வளவு இணைத்தார்கள், பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினைச் சோதித்தார்களா என்று தெரிந்தாக வேண்டும்.

அப்புறம், என்னை அதிகம் வருத்துவது அலிசரின் சிவப்புப் படங்கள். செல்கள் எலும்பாக மாறின என்பதற்கு அந்தச் சாயம் ஏறிய ஒரு படத்தையே சாட்சியாக வைக்கிறார்கள். அந்தச் சாயம் கால்சியத்தில் ஒட்டும், அவ்வளவுதான். கால்சியத்தைப் படியவைத்தது செல்லா, ஊடகத்திலிருந்து தானாகப் படிந்ததா என்று அதற்குத் தெரியாது. கால்சியம் சேர்த்து உறையவைத்த ஆல்ஜினேட்டில், செல்லே இல்லாவிட்டாலும் சிவப்பு ஏறும். அதே ஊடகத்தில் அதே நாள்கள் வைத்த, செல் விதைக்காத சாரக்கட்டின் படம் பக்கத்தில் இல்லையென்றால் அந்தச் சிவப்புக்கு மதிப்பில்லை.

இதெல்லாம் ஆய்வகத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். விலங்குத் திசுவிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சும் சட்டத்தையும் சாரக்கட்டாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செல் நீக்கிய பன்றித் திசுவில் செய்த இதய வால்வுகளை 2001-ல் ஐரோப்பாவில் 4 குழந்தைகளுக்குப் பொருத்தினார்கள். 3 குழந்தைகள் இறந்தன. 2003-ல் வெளியான அறிக்கையின்படி, பொருத்தாமல் எஞ்சியிருந்த வால்வுகளைச் சோதித்தபோது செல்கள் முழுமையாக நீங்கவில்லை என்று தெரிந்தது. செல்கள் போதுமான அளவு நீங்கினவா என்று பார்க்க இன்று பலரும் பின்பற்றும் அளவுகோல் 2011-ல் வந்தது: ஒரு மில்லிகிராம் உலர் எடைக்கு 50 நானோகிராமுக்குக் குறைவான டிஎன்ஏ, எஞ்சிய டிஎன்ஏ துண்டுகளின் நீளம் 200 கார இணைகளுக்குக் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) குறைவு, சாயமேற்றிப் பார்த்தால் உட்கரு எதுவும் தெரியக் கூடாது. நல்ல அளவுகோல்தான். ஆனால் பன்றித் திசுவில் இருக்கும், மனித உடல் எதிர்க்கும் ஆல்பா-கால் சர்க்கரையை இது அளப்பதில்லை. அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

செல் நீக்கிய, தானமாகப் பெற்ற மூச்சுக்குழாயில் நோயாளியின் செல்களை விதைத்துப் பொருத்தியதாக 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2023-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடையில் 15 ஆண்டுகள்.

இயற்கைப் பொருள்களைக் கைவிடச் சொல்லவில்லை. செல் பற்றுவதற்கான இடங்களும், செல்லே அரித்துத் திருத்தி அமைத்துக்கொள்ளும் தன்மையும் கொலாஜனில் பிறவியிலேயே இருக்கின்றன. அதனால்தான் நானும் அதை விடாமல் பிடித்திருக்கிறேன். பக்கம் போதாது என்ற பதிலும் வேண்டாம். துணைக் கோப்பில் ஒரு அட்டவணை போதும்: உயிரினம், உறுப்பு, பிரித்த முறை, தொகுதி எண், ஈரநிலையில் 37 டிகிரியில் அளந்த விறைப்பு, எஞ்சிய டிஎன்ஏ, எண்டோடாக்சின். ஒரு தொகுதியில் பலித்து இன்னொன்றில் பலிக்காத முடிவுகளுக்கும் இடம் கொடுங்கள். இப்போது அவை எங்கள் குறிப்பேடுகளிலேயே தங்கிவிடுகின்றன.

ஆசிரியர்களே, இந்த அட்டவணையை உங்கள் சமர்ப்பிப்பு விதிகளில் கட்டாயமாக்குங்கள். மதிப்பாய்வாளர்களே, விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து உங்கள் கைக்கு வரும் கட்டுரையிலேயே செல் விதைக்காத சாரக்கட்டின் படத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
திசுப் பொறியியல் ஆய்வாளர் ஒருவர்