தண்ணீரில் கலக்கினால் போதுமா, தம்பி?

செல்லூர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில், "சமைக்க நேரமில்லம்மா, சாப்பாட்டுக்குப் பதிலா புரதப் பவுடரைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டுப் படுக்கப் போறேன்" என்றாய். மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்று அப்புறம் தெரிந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன பவுடர் டப்பா இங்கேதான் இருக்கிறது. காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தை முழுசாகப் படித்தேன். முன்னால் பெரிதாகப் போட்டிருக்கிற புரதக் கணக்கு, 200 மில்லி பாலில் கலந்தால் வருவது. அதைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருக்கிறார்கள். நம் வீட்டு ஆவின் நீலப் பாக்கெட்டை எடுத்துக்கொள். அந்த 200 மில்லியில் கிட்டத்தட்ட 6 கிராம் புரதமும் 120 கலோரியும் இருக்கும். தண்ணீரில் கலக்கினால் அவ்வளவும் போச்சு. வீடியோவில் பார்க்கும்போது உன் சட்டை தொளதொளவென்று தெரிந்தது இதனால்தானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

எல்லாப் பவுடரும் அப்படி இல்லை. சிலவற்றில் பால் பவுடரும் சேர்ந்தே இருக்கும், அதற்குத் தண்ணீர் போதும். உன் அப்பத்தாவுக்குப் பல் எடுத்தபோது வாங்கியது அந்த வகை. நான் அதைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிவிட்டேன். மேலே வெந்து, உள்ளே மாவாக, உருண்டை உருண்டையாக நின்றது. "கேப்பை மாவைப் பச்சத் தண்ணியில கரைக்காம ஒலையில கொட்டுவியாத்தா?" என்று அப்பத்தா கேட்டார். நீயும் சூடாக எதையும் ஊற்றாதே. முதலில் ஆறினதை ஊற்றி, அப்புறம் பவுடரைப் போட்டுக் குலுக்கு. பவுடரை முதலில் போட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

உனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கு மறக்கவில்லை. ஒரு டம்ளர் குடித்தால் வயிறு உப்பி, பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுப்பாய். ஆனால் தயிர்ச்சோறு ஒன்றும் செய்யாது. பாலில் இருக்கிற சர்க்கரைதான் உனக்குச் செரிப்பதில்லை, தயிராக உறையும்போது அது கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அதனால் வெனிலா பவுடர் வாங்கு. அரை டம்ளர் கெட்டித் தயிரும் அரை டம்ளர் தண்ணீரும் கடைந்து அதில் கலக்கு.

சாக்லேட்தான் வேண்டுமென்றால் புளிப்பு சேராது, சர்க்கரை போடாத சோயா பால் வாங்கிக்கொள். நீ இங்கே வந்தால் பருத்திப்பால் இரண்டு டம்ளர் குடித்தாலும் வயிறு சும்மா இருக்கிறதே, அதில் மாட்டுப்பால் கிடையாது. சோயா பாலும் அப்படித்தான், புரதமும் பாலுக்குப் பக்கத்தில் வரும். மாட்டுப்பால் இல்லாமல் பாதாமை மட்டும் அரைத்து அட்டைப்பெட்டியில் விற்கிறார்களே, அது வேண்டாம். பெரும்பகுதி தண்ணீர்தான், புரதம் ரொம்பக் குறைவு. பழச்சாறும் வேண்டாம்.

கலக்கியதை மேசையில் வைத்துவிட்டு வேலை பார்க்காதே, உடனே குடித்துவிடு.

இப்போது வைத்திருக்கிற டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. அடுத்த வாரம் உன் அத்தை மகன் பெங்களூர் வருகிறான். அவனிடம் சத்துமாவு ஒரு கிலோ கொடுத்துவிடுகிறேன். வறுத்து அரைத்தாகிவிட்டது.

அன்புடன்,
அம்மா