சித்தப்பாவுக்கு, பாதியில் நின்ற பேச்சு பற்றி

அன்புள்ள சித்தப்பா,

பொங்கலன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டீர்களே, "சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல உனக்கு ரொம்பப் பிடிச்சது யாரு? ஒரே ஒரு பேர் சொல்லு" என்று. உர்சுலா லெ குவின் என்றேன். "யாரு, அந்த மந்திரவாதிக் கதை எழுதின அம்மாவா?" என்று சிரித்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் நீங்களும் அப்பாவும் கிரிக்கெட்டில் இருந்தீர்கள். அந்தப் பதில் இன்னும் என்னிடமே கிடக்கிறது. எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஆள் கிளார்க்கைக் குறை சொல்லப் போவதில்லை. எட்டாவது படிக்கும்போது அழிரப்பரை நூலில் கட்டிச் சுழற்றி, பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றும் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரித் தெரியும் என்று காட்டியது நீங்கள்தான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க் என்று சொன்னபோது, ஏதோ நம் ஒன்றுவிட்ட மாமாவைப் பற்றிப் பேசுவதுபோல உங்கள் குரலில் ஒரு பெருமை. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு அது இருக்காதா? அதுவும் 1956-லிருந்து இலங்கையில் குடியிருந்தவர், "நம்ம பக்கத்து ஊர்க்காரர்" என்பீர்கள். 2008-இல் பிப்ரவரி 27 அன்று சுஜாதா, மார்ச் 19 அன்று கிளார்க். "ஒரே மாசத்துக்குள்ள ரெண்டு சாவு" என்று நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதையை நீங்கள் கொடுத்துத்தான் படித்தேன். இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டு, தாப்ரபேன் என்று பழைய பெயரையும் கொடுத்து, எதுவும் நடக்காததுபோல எழுதிக்கொண்டு போகிறார் மனிதர். அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்! ஓரத்தில் பென்சிலால் நீங்கள் போட்ட "கணக்கு சரி" என்ற டிக் குறிகளையும் சேர்த்துத்தான் ரசித்தேன். ஆனால் சித்தப்பா, இருபது வருஷம் கழித்து யோசித்தால் எனக்கு அந்தக் கயிறு மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அதைக் கட்டிய எஞ்சினியரின் முகம் வரவே மாட்டேன் என்கிறது.

லெ குவினிடம் எனக்கு நேர்மாறு. கருவிகள் மறந்துபோகும், ஆட்கள் மறக்க மாட்டார்கள். கருவியே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் அந்த நொடியே செய்தி போய்ச் சேரும் ஒரு சாதனத்துக்கு 'ஆன்சிபிள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான், 1966-இல், தன் முதல் நாவலில். பிறகு வந்த எழுத்தாளர்கள் பலர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்சேஞ்ச்காரருக்கு இது போதாதா?

அவருடைய அறிவியல் வேறு வாசல் வழியாக வருகிறது. அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர், பெரிய மானுடவியலாளர். 1911-இல் கலிஃபோர்னியாவில், தன் இனத்தில் எஞ்சிய ஒரே ஆளாகக் காட்டிலிருந்து வெளியே வந்த ஒருவரை சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்து அவர் மொழியைப் பதிவுசெய்தவர்களில் ஒருவர். அந்த மனிதர் தன் சொந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. 'இஷி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மொழியில் வெறுமனே 'மனிதன்' என்று அர்த்தம். அவர் கதையைப் பின்னால் புத்தகமாக எழுதியவர் லெ குவினின் அம்மா தியோடோரா. மகள் பிறந்தது 1929-இல், இஷி இறந்து பதிமூன்று வருஷம் கழித்து. அந்த மகள் தன் மந்திரவாதிக் கதைகளுக்காக உண்டாக்கிய எர்த்சீ தீவுகளில் ஒருவருடைய உண்மைப் பெயர் தெரிந்தால் அவரையே கட்டிப்போட்டுவிடலாம், அதனால் உயிருக்குயிரானவரிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். இதிலிருந்துதான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. பெயருக்குப் பயப்படுவது எல்லா ஊரிலும் உண்டு. நம் பாட்டி ரேஷன் கடையில் தாத்தா பெயரைக் கேட்டால் என்னைத் தள்ளிவிடுவாளே, "நீ சொல்லுடி" என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருப்பதற்கு இதெல்லாம் காரணம் இல்லை.

1969-இல் வந்த நாவலில் கெதன் என்றொரு பனிக் கிரகம். அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் பெரும்பகுதி இரண்டுமாக இல்லாமல் இருப்பார்கள். சில நாள் மட்டும் உடல் ஏதோ ஒரு பக்கம் சாயும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. நாலு குழந்தைக்கு அம்மாவானவரே வேறு மூன்று குழந்தைக்கு அப்பாவாக இருப்பார். இப்படி ஒரு உலகத்தை உண்டாக்கிவிட்டு, அதில் உள்ள எல்லோரையும் ஆங்கிலத்தில் 'அவன்' என்று எழுதிவிட்டார். படிப்பவர் கண்ணுக்கு கெதன் முழுக்க ஆம்பிளைகள் நடமாடினார்கள். விமர்சகர்கள் கேட்டார்கள். அந்த 'அவன்' பொதுச்சொல்தான் என்று 1976-இல் ஒரு கட்டுரை எழுதி வாதாடினார்.

பதினோரு வருஷம் கழித்து அதே கட்டுரையைத் திரும்ப எடுத்தார். அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். செய்யவில்லை. பழைய வரிகளை அப்படியே அச்சிட்டு, அவற்றோடு சேர்த்தே புதிய குறிப்புகளைப் போட்டார். இங்கே சமாளித்திருக்கிறேன், இங்கே பயந்திருக்கிறேன், இந்த 'அவன்' விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று. இந்த இடத்துக்கு வர அந்த இடத்துக்குப் போகவேண்டியிருந்தது, அந்தத் தடயத்தை ஏன் மறைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. சித்தப்பா, நம் குடும்பத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இதே கிரகத்தைப் பற்றிய ஒரு சிறுகதையை 1975 தொகுப்பில் சேர்க்கும்போது 'அவன்' எல்லாவற்றையும் 'அவள்' ஆக்கினார், 'அரசன்' என்ற பட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. படித்தால் தலை சுற்றும். நல்ல சுற்றல்.

ஒரு சபலத்தில் நாவலில் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அந்த அம்மா இருபது வருஷம் போராடிய இடத்தில் நமக்கு 'அவர்' தயாராக உட்கார்ந்திருக்கிறது, அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். "அரசர் கருவுற்றிருந்தார்." அழகாக விழுந்தது. அடுத்து ஒரு திருடன் வந்தான். பார்த்தீர்களா, 'வந்தான்' என்று எழுதிவிட்டேன். 'திருடர் வந்தார்' என்றால் நாடகத்தில் ராஜா வேஷக்காரர் வருகிற மாதிரி இருக்கிறது. குழந்தைக்குப் பிரச்சினையே இல்லை, 'குழந்தை அழுதது' என்று அஃறிணையில் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் குழந்தை எந்த வயதில் 'அவர்' ஆகும்? பனிப்பாறை மேல் இரண்டு மாதத்துக்கும் மேலாக ஒரே கூடாரத்தில் தங்கி நடக்கிறார்களே இரண்டு பேர், அவர்கள் எந்த ராத்திரியில் 'நீங்கள்' விட்டு 'நீ'க்கு வருவார்கள்? ஆண் என்றும் பெண் என்றும் நிற்காதவர்களுக்குத் தனி விகுதி இல்லை, இருக்கிற உயர்திணை விகுதிகளையே அவர்களுக்கும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தொல்காப்பியத்தில் கிளவியாக்கத்திலேயே ஒரு நூற்பா உண்டு. அவ்வளவு பழைய சங்கடம் இது. ஆங்கிலத்தில் பால் இடிக்கிறது, நமக்கு மரியாதை இடிக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. அது என் டிராயரிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் 'மந்திரவாதிக் கதை'. எர்த்சீயின் முதல் மூன்று புத்தகங்கள் 1968-க்கும் 1972-க்கும் நடுவில் வந்தன. ஆடு மேய்த்த பையன் கெட் பெரிய மந்திரவாதியாகிறான். செம்பழுப்பு நிறத் தோல் அவனுக்கு. அட்டையில் அவனை வெள்ளையாக வரைந்தவர்களோடு அந்த அம்மாவுக்குக் கடைசிவரை சண்டை. ஆனால் அந்த உலகத்திலும் ஒரு கோணல் இருந்தது. மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. பொம்பிளை மந்திரம் என்றால் ஒன்று சொத்தை, இல்லாவிட்டால் பொல்லாதது என்று அந்த ஊரில் பழமொழியே உண்டு. எழுதியது ஒரு பெண்!

பதினெட்டு வருஷம் கழித்து, 1990-இல், நாலாவது புத்தகத்தோடு திரும்பி வந்தார். ஒரு உலகத்தையே காப்பாற்றி முடித்த கெட், சக்தி எல்லாம் போய், டிராகன் முதுகில் அரை உயிராக வந்து சேர்கிறார். கதை அவருடையது இல்லை. டெனார் என்கிற நடுவயது விதவையுடையது. அவள் பண்ணை, அவள் ஆடுகள், பாதி முகம் தீயில் வெந்துபோன ஒரு சிறுமி. பல வாசகர்களுக்குக் கோபம். சண்டை எங்கே, சாகசம் எங்கே என்று கேட்டார்கள்.

சண்டை இருக்கிறது, சித்தப்பா. கப்பலில் போயிருந்த டெனாரின் மகன் வருஷக்கணக்கில் காணாமலிருந்து வீடு திரும்புகிறான். சாப்பிடுகிறான். தட்டுகளை யார் கழுவுவது என்ற பேச்சு வரும்போது, அது பெண்கள் வேலை என்கிறான். இந்த அடுக்களையில் சாப்பிடுகிற எல்லோருடைய வேலையும்தான் என்கிறாள் அவள். தன் வேலை இல்லை என்று அவன் எழுந்து போகிறான். ஒருகாலத்தில் புயலைக் கட்டிய கெட்தான் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர். முதல் தடவை படித்தபோது வேகமாகத் தாண்டிப்போய்விட்டேன். பொங்கல் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, கையில் இன்னும் சாம்பல் வாடை இருக்க, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன்.

அந்த நாலாவதுக்கு 'கடைசிப் புத்தகம்' என்றே துணைத்தலைப்பு போட்டிருந்தார். 2001-இல் இன்னும் இரண்டு கொண்டுவந்தார். அந்தத் துணைத்தலைப்பும் தப்பாகப்போனது.

கெதன் நாவலையும் எர்த்சீயின் முதல் நாலு புத்தகங்களையும் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எர்த்சீயை வரிசையாகப் படியுங்கள், நேராக நாலாவதுக்குப் போனால் ஒன்றும் பிடிபடாது. முதல் புத்தகத்தை முடித்ததும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்கள். நாலாவதைச் சித்தியிடமும் கொடுங்கள். அவர் உங்களுக்கு முன்னால் முடித்துவிடுவார் என்று பந்தயம் கட்டுகிறேன். பழுப்பு அட்டை போடவேண்டாம். பென்சில் மட்டும் கட்டாயம் வேண்டும். ஓரத்தில் எங்கெங்கே எனக்கு எதிராக வாதாடுகிறீர்களோ, எழுதிவையுங்கள். அப்புறம் மனசு மாறினாலும் ரப்பரை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: லிஃப்ட் கதை என்னிடம்தான் இருக்கிறது. இப்போதைக்குத் திருப்பித் தருவதாக இல்லை.