மலர் எழுதிய விண்ணப்பக் கடிதம்

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் சொட்டு மருந்து விடும் வேலை என்னுடையது, அதனால்தான் பதில் தாமதம். நேற்று அவரே செய்தித்தாளை எடுத்துப் படித்தார், அவ்வளவு நிம்மதி.

மலர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை இரண்டு முறை படித்தேன். விஷயம் இருக்கிறது. கோலன் மட்டும்தான் பல இடத்தில் தவறாக வந்திருக்கிறது, நம் முக்காற்புள்ளி. 'மை ஸ்ட்ரெங்த்ஸ் ஆர்' என்றதுமே கோலன் வைத்து 'பேஷன்ஸ் அண்ட் டீம்வொர்க்' என்கிறாள். 'ஆர்' என்ற இடத்தில் வாக்கியம் பாதியில் இருக்கிறது, அங்கே குறுக்கே புள்ளி வைக்கக்கூடாது. 'சச் ஆஸ்', 'இன்க்ளூடிங்' இவற்றுக்குப் பிறகும் அப்படித்தான். கோலன் இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளியை வைத்துப் பார்க்கச் சொல். 'ஐ ஹேவ் லிவ்ட் இன் த்ரீ சிட்டீஸ்' தனியாக நிற்கிறது, அப்புறம் கோலன் போட்டு மதுரை, புனே, டெல்லி என்று அடுக்கலாம். 'தி சிட்டீஸ் ஆர்' நிற்காது, அங்கே கோலனை எடுத்துவிட்டால் போதும்.

தமிழில் 'என் ஊர்கள்:' என்று வினைச்சொல்லே இல்லாமல் எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் அதையே செய்கிறது என்று நினைக்கிறேன். கேள்வித்தாள்களில் பார்த்த பழக்கத்தில் கோலனை ஒட்டி ஒரு சின்னக் கோடும் போடுகிறாள், அது வேண்டாம். 'டியர்' என்று தொடங்கும் வரியின் முடிவில் கோலன் வைத்திருப்பது சரிதான், அமெரிக்க முறை அலுவல் கடிதத்தில் அப்படித்தான், பிரிட்டிஷ்காரர்கள் அங்கே கமா போடுவார்கள்.

முக்கியமான இடம் மூன்றாவது பத்தி. வேலையை விட்டதற்கான காரணத்தை நாலு வரிக்கு 'பிகாஸ்', 'ஆல்ஸோ' என்று இழுத்திருக்கிறாள், நீ படுத்திருந்த சேதி கடைசியில்தான் வருகிறது. கோலன் பட்டியலுக்கு மட்டும் இல்லை சேகர், முன்னால் ஒன்றைச் சொல்லிப் படிப்பவரை நிறுத்தி, அது என்ன என்று பின்னால் தருவதற்கும் அதுதான். 'ஐ லெஃப்ட் தி ஜாப் ஃபார் ஒன் ரீசன்: மை ஃபாதர் வாஸ் இல்.' இவ்வளவு போதும், மீதி மூன்றரை வரியையும் அடித்துவிடலாம். இதை அவளிடம் நீயே சொல், நான் சொன்னால் சங்கடப்படுவாள்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனாயா? மருத்துவர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
கண்ணன்